விழுங்கியதும் ஒரு சொல்

என் அப்பா ஹத்தீபுவின் அளவு தொண்ணூறு மில்லிகிராம். பதினொரு ஆண்டுகளில் அது ஒரே ஒரு முறைதான் குறைந்தது. குறைத்தவள் நான்.

அவர் இறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. நுரையீரல் நோய். வயது ஐம்பத்தெட்டு. சட்டைப் பையில் மருந்து அட்டை இருந்தது. அதை நேற்று ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தேன்.

அப்பா தார் எஸ் சலாமின் மீன் சந்தையில் செதில் எடுப்பவர். வீடு ஃபெர்ரிக்கு அக்கரையில், கிகம்போனியில். ஒரு வாளி விளமீனை அரை மணியில் சுத்தம் செய்துவிடுவார். மாவு அவரைப் பிடித்தபோது எனக்கு ஏழு வயது. எங்கள் ஊரில் சோளமாவுக்கும் ஹெராயினுக்கும் ஒரே பெயர். அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினால் கடைக்காரர் கேட்பார்:

"எந்த மாவு பாப்பா? அம்மா கிண்டுறதா, அப்பா இழுக்குறதா?"

கடையே சிரிக்கும். பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஒழிந்தது. "அது அரைக் கிலோ வாங்கிட்டு வா" என்பாள் அம்மா. தெருவில் அப்பாவின் பெயரும் ஒழிந்தது. தேஜா என்றார்கள். மாவுக்கு அடிமையானவன் என்று பொருள்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது அப்பாவே வந்து சொன்னார், பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்குப் பதிலாகத் தினம் குடிக்க மெத்தடோன் என்ற மருந்து கொடுக்கிறார்களாம் என்று. சேர வேண்டுமானால் வீட்டு ஆள் ஒருவர் உடன் வர வேண்டும் என்பது விதி. அம்மா அதற்குள் வீட்டை விட்டுப் போய்விட்டிருந்தாள். நான் போனேன்.

முதல் நாளே மருந்து கிடைக்கும் என்று நினைத்திருந்தோம். கிடைக்கவில்லை. சிறுநீர் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மார்பைப் படம் பிடித்தார்கள். ஒரு வாரம் பெஞ்சில் உட்காரவைத்துப் பேசினார்கள். பேசியவர் சிஸ்டர் தியோனிசியா. குட்டையானவர், குரல் மட்டும் பெரியது.

"இது உங்களை மிதக்க விடாது, பெரியவரே. அதை எதிர்பார்த்து வந்திருந்தா இப்பவே கிளம்புங்க. முப்பதுல ஆரம்பிப்போம். ரெண்டு மூணு வாரம் உடம்பு முறுக்கத்தான் செய்யும். இது வேலை செய்யலைன்னு ஓடிடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். அவசரப்பட்டா மூச்சு நின்னுடும். மேல சாராயம், தூக்க மாத்திரை எதுவும் கூடாது."

"மூச்சு நின்னா மறுநாள் வரிசையில நிக்க வேண்டாம்ல, சிஸ்டர்?"

"நக்கலா? நாக்கு நல்லாத்தான் இருக்கு. அதை வச்சுத்தான் தினமும் உங்களைச் சோதிக்கப் போறேன்."

அந்தச் சோதனை இதுதான். சிலர் மருந்தை வாயில் அடக்கிக்கொண்டு வெளியே போய்த் துப்பி விற்பார்கள். அதனால் மருந்து கொடுக்கும் ஜன்னலிலேயே அதைக் குடித்ததும் ஒரு கோப்பைத் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு ஏதாவது ஒரு சொல் பேச வேண்டும். மற்றவர்கள் தம் பெயரைச் சொல்லிவிட்டு நகர்வார்கள். அப்பா தினம் ஒன்று சொன்னார். "சூரை விலை ஏறிடுச்சு." "உங்க தொப்பி கோணலா இருக்கு, சிஸ்டர்." "என் மகள் பரீட்சை பாஸ்."

முதல் மூன்று வாரம் அவர் பேசியது குறைவு. பல்லைக் கடித்துக்கொண்டு பெயரை மட்டும் சொன்னார். மாவு கிடைக்காத உடம்பின் முறுக்கலுக்கு அரோஸ்தோ என்று பெயர். கொட்டாவி, மூக்கொழுகல், தோலெல்லாம் புல்லரிப்பு, எலும்புக்குள் வலி. மருந்து குடித்தும் சாயங்காலத்துக்குள் அது வந்துவிடும். அளவு ஏற ஏற விலகியது. தொண்ணூறில் நின்றது. அன்று வீட்டுக்கு ஒரு கொடுவாமீன் கொண்டுவந்து, தானே பொரித்து, இரண்டு உருண்டைக் களி சாப்பிட்டு, கைகூடக் கழுவாமல் தூங்கிப்போனார்.

வியர்வை மட்டும் நிற்கவில்லை. மலச்சிக்கலும். பப்பாளி இல்லாமல் ஒரு நாளும் வீடு இருந்ததில்லை.

நான் படித்து முடித்து எடையளவுத் துறையில் சேர்ந்தேன். பெட்ரோல் பங்க் மீட்டர்களைச் சரிபார்க்கும் வேலை. ஒவ்வொரு முறை ஊற்றிய பிறகும் மீட்டர் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாததற்குச் சிவப்பு முத்திரை வைப்பேன். அப்பாவையும் அப்படித்தான் பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு முறை அட்டையை வாங்கிப் பார்ப்பேன். தொண்ணூறு. திரும்பக் கொடுத்துவிடுவேன்.

அப்பா மருந்து குடிக்க ஆரம்பித்த ஆறாவது வருஷம் இத்ரிசா என்னைப் பெண் கேட்டார். பேச வந்தவர் மசூதி என்ற பெயருடைய அவருடைய சித்தப்பா. தேங்காய்ப்பால் பணியாரத்தில் நாலு தின்றுவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"பொண்ணு விஷயத்துல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா பள்ளிவாசல்ல மாப்பிள்ளை கையைப் பிடிச்சு நிக்காஹ் செஞ்சு கொடுக்க வேண்டியவர், இன்னும் குடிச்சிட்டு இருக்காராமே?"

"அது மருந்துங்க" என்றேன்.

"மருந்துன்னா ஒரு நாள் முடியணும்ல? ஆறு வருஷமா முடியலைன்னா அது என்ன மருந்து? பெரியப்பா, சித்தப்பான்னு யாராவது இருந்தா அவர் நடத்தட்டும்."

அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். பணியாரத் தட்டை வந்தவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவர் போனதும் நான் கேட்டேன். "அப்பா, கல்யாணத்துக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. பூஜ்யத்துக்குக் கொண்டு வந்துடலாமா?"

"நீ சொன்னா சரிதான், அம்மா." என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

குறைப்பது தன் விருப்பம் என்று சிஸ்டரிடம் சொன்னார். "வருஷக் கணக்குல பேசுங்க, மாசக் கணக்குல இல்ல" என்றாராம் அவர். அப்பா விடவில்லை. வாரம் ஐந்து குறைத்தார்கள். அப்பாவுக்கு அதுவும் மெதுவாகப் பட்டது. கல்யாணத் தேதியை வைத்துக் கணக்குப் போட்டு, நடுவில் நாட்களை விட ஆரம்பித்தார். ஃபெர்ரி ஓடவில்லை என்று அங்கே சொன்னார். குடித்துவிட்டேன் என்று என்னிடம் சொன்னார்.

எட்டாவது வாரம் அட்டையில் ஐம்பது. நான் ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தேன். கோடு அழகாக இறங்கியது. அதே நாட்களில் அவர் கொட்டாவி விட்டார், மூக்கைத் துடைத்தார். சளி என்று எடுத்துக்கொண்டேன். செதில் கத்தி வழுக்கி உள்ளங்கை கிழிந்தது. வயது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் பக்கத்துப் பங்க்கில் வேலை. முடித்துவிட்டு அப்பாவைப் பார்க்கப் போனேன். அவருடைய பலகையில் ஆள் இல்லை. ஐஸ் பாக்டரிக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அதற்குள் எதற்குப் போவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா சந்தின் முனையில் நின்றிருந்தார். கட்டுப் போட்ட கையில் அன்றைய கூலி சுருட்டி இருந்தது.

"அப்பா."

திரும்பவில்லை. "போயிடும்மா. நான் சும்மா நிக்கிறேன்."

"எவ்வளவு நேரமா?"

"மதியத்துக்கு அப்புறம் அசர் பாங்கு கேட்டதுலேருந்து."

"வாங்குனீங்களா?"

"இல்ல."

அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை. நம்பினேன்.

"உன் கல்யாணத்துல நான் நிக்கலைன்னா பரவாயில்லம்மா. இங்க நிக்கிறதைப் பார்த்துட்டியே, அதுதான்" என்றார். மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. துடைக்கக்கூட இல்லை.

கையைப் பிடித்து ஃபெர்ரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீடு வரும்வரை விடவில்லை. மறுநாள் காலை முதல் ஃபெர்ரியில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

சிஸ்டர் பதிவேட்டைப் புரட்டினார். "நாலு நாளா வரலை. கடைசியாக் குடிச்ச அளவைக்கூட இன்னிக்கு அப்படியே கொடுக்க முடியாது. உடம்பு பழக்கம் விட்டிருக்கும், மூச்சை அமுக்கிடும். நேத்து அந்தச் சந்துல பழைய அளவுக்கு இழுத்திருந்தா ஆள் இங்க வந்திருக்க மாட்டார். குறைச்சு ஆரம்பிச்சு ஏத்தணும்." பிறகு என்னைப் பார்த்தார். "பூஜ்யம் கேட்டது யாரு? இவரா?"

"நான்தான், சிஸ்டர்."

"பெட்ரோல் போயிட்டு இருக்கும்போதே மீட்டரைப் பூஜ்யமாக்குவியா நீ?"

"மாட்டேன்."

"இவருக்கு இன்னும் போயிட்டுதான் இருக்கு. நிறுத்துறவங்க இருக்காங்க, அவங்களாக் கேட்டு, ரொம்ப மெதுவா. நிறுத்தாம இருபது வருஷம் வேலைக்குப் போய் வர்றவங்களும் இருக்காங்க. இதுல யாரும் ஃபெயில் இல்ல. சந்துல நிக்காம மீன் வெட்டுறாரா, அதை மட்டும் பாரு."

அன்று அப்பா மருந்தைக் குடித்துவிட்டு, "சிஸ்டர், இவளைத் திட்டாதீங்க" என்றார். அதுதான் அன்றைய சொல்.

மசூதி சித்தப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். "எங்கப்பா அன்னிக்குக் காலையில மருந்து குடிச்சிட்டுதான் பள்ளிவாசலுக்கு வருவார். அவர் சொல்லித்தான் நிக்காஹ். முடியாதுன்னா வேற பொண்ணு பார்த்துக்குங்க."

"பொண்ணு பேசுற பேச்சா இது?"

உள்ளே இருந்து இத்ரிசாவின் குரல் வந்தது. "சித்தப்பா, பங்க் முதலாளிங்களையே அழ வைக்கிறவ. உங்களால ஆகாது, விட்டுடுங்க."

கல்யாணத்தன்று காலை, மருதாணிக் கையோடு நானும் அப்பாவுடன் போனேன். அவருக்கு வெள்ளை அங்கி, புதுத் தொப்பி. வரிசையில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். அன்று அவர் அளவு எழுபது. குடித்தார். தண்ணீர் குடித்தார்.

"பேசுங்க, பெரியவரே."

அப்பா நிமிர்ந்து நின்றார். ஜன்னலுக்குள் கையை நீட்டி, உறை போட்டிருந்த சிஸ்டரின் கையைப் பிடித்தார். "என் மகள் மவனாய்தியை, பேசிய மஹர்ப் பணத்துக்கு, உனக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்."

வரிசையில் பின்னால் ஒருவன் கத்தினான்: "சிஸ்டர், ஏத்துக்கிட்டேன்னு சொல்லிடுங்க, வரிசை நகரட்டும்!"

"எனக்கு வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, அதையே சமாளிக்க முடியல" என்றார் சிஸ்டர். கையை உடனே எடுக்கவில்லை. "நடுங்கலை, பெரியவரே. இதே மாதிரி அங்கேயும் சொல்லுங்க."

பள்ளிவாசலுக்குள் நான் இல்லை. பெண்கள் போவதில்லை. பிறகு இத்ரிசாவிடம் கேட்டேன். "கை நல்லா ஈரமா இருந்துச்சு. ஆனா பிடி உறுதி" என்றார். ஈரம் மருந்தினுடையது. பிடி அப்பாவுடையது.

அடுத்த மாதம் அளவு மறுபடி தொண்ணூறு. அதன் பிறகு நான் அட்டையைக் கேட்டதில்லை.

நேற்று அதை ஜன்னலில் வைத்தேன். சிஸ்டர் தியோனிசியாவுக்குத் தலை நரைத்துவிட்டது. அப்பாவின் பக்கத்தை எடுத்துக் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டார். இறப்பதற்கு மூன்று நாள் முன்பு வரை அவரே நடந்து வந்திருக்கிறார்.

"கடைசியா என்ன சொன்னார், சிஸ்டர்?"

"அதையெல்லாம் எழுதுறதில்லம்மா. அளவு மட்டும்தான் எழுதுவோம்." அட்டையைப் பதிவேட்டுக்குள் வைத்து மூடினார். "ஆனா ஞாபகம் இருக்கு. இருமல் ஜாஸ்தி. பேச வேண்டாம், வாயைத் திறந்து காட்டுங்க போதும்னு சொன்னேன். கேட்கலை. 'என் மகளுக்கு இன்னிக்கு மூணு பங்க். வெயில் ஜாஸ்தி'ன்னார்."

அலுவலகத்துக்கு வந்து அந்தத் தேதியின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று பங்க். சரியாக இருந்தது.