ஞானபாயின் வால்நட்சத்திரம்

மில்லர்புரத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் பொன்னுதுரைக்கு மனைவி ஞானபாய் வானத்தைப் படம் எடுப்பாள் என்பது கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

கல்லூரியில் படிக்கையில் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது, ஞானபாய் அண்ணனின் கேமராவை வாங்கிக்கொண்டு நாசரேத்தில் வீட்டு மொட்டைமாடியில் ஒரு ரோல் முழுக்க எடுத்திருந்தாள். கழுவக் கொடுத்த ஸ்டுடியோக்காரர், "ஒண்ணுமே விழலம்மா, எல்லாம் கறுப்பு" என்று பிரின்ட் போடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்குப் படம் என்றால் அதில் ஆள் நிற்க வேண்டும். பிறகு தொலைபேசி அலுவலக வேலை, கல்யாணம், பிள்ளைகள். வானம் அதன்பாட்டுக்கு மேலே இருந்தது.

ஓய்வு பெற்ற வருஷம், மஸ்கட்டிலிருந்து வந்த மகன் ரெனிஷ் புதுக் கேமரா வாங்கியதால் பழையதை வீட்டில் விட்டுப்போனான். அதை ஞானபாய் எடுத்துக்கொண்டாள். மாடியில் ஸ்டாண்டைப் போட்டு, முதல் வாரத்திலேயே கடற்பக்கம் தாழ்வாக ஜொலித்த ஒன்றை எடுத்து, சபைப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் 'வியாழன் கிரகம்' என்று போட்டாள். பாஸ்டரம்மா உடனே 'ஸ்தோத்திரம்' என்று பதில் போட்டார். மறுநாள் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது, வியாழனுக்குக் கீழே ஒரு கிரேன் தெரிந்தது.

ஞானபாய் நேர்மையான மனுஷி. 'நேற்று அனுப்பியது வியாழன் அல்ல, நிலக்கரிக் கப்பல். மன்னிக்கவும்' என்று எழுதினாள்.

'அதற்கும் ஸ்தோத்திரம்' என்றார் பாஸ்டரம்மா.

பொன்னுதுரைக்கு ஆறு மாசத்துக்கு இது போதுமானதாக இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "ஏளா, வியாழன்ல நிலக்கரி எறக்கியாச்சா?" என்பார். ஞானபாய் அவர் தோசையை மட்டும் கொஞ்சம் கருக விடுவாள்.

அந்த ஐப்பசியில், அந்தி சாய்ந்ததும் மேற்கே வால்நட்சத்திரம் ஒன்று தெரியும் என்று செய்தி வந்தது. மில்லர்புரத்து மாடியில் மேற்கை ஒரு அடுக்குமாடி மறைத்தது. பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டைக் கிராமம் தாண்டி வயற்காட்டுப் பக்கம் போகலாம் என்றாள் ஞானபாய். "ஒத்தையில ஒன்ன விட்டா நாளைக்கு ஊரு என்னத்தான் ஏசும்" என்று பொன்னுதுரை கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டுக் காரை எடுத்தார். மடக்கு நாற்காலி, கொசுவத்தி, ஒரு பொட்டலம் சுண்டல் எல்லாம் அவர் ஏற்பாடு.

முதல் இரண்டு சாயங்காலமும் மேகம். சுண்டல் மட்டும் தீர்ந்தது. மூன்றாம் நாள் மேற்கே ஓர் இடைவெளி விட்டது. வெள்ளி பளிச்சென்று நின்றது. ஞானபாய் குனிந்து லென்ஸைத் திருகினாள். ஒன்றும் பிடிபடவில்லை. வெறும் கண்ணால் பார்த்தாள். அப்போதும் இல்லை.

நாற்காலியில் சாய்ந்திருந்த பொன்னுதுரைக்கு இரண்டு மாசம் முன்புதான் இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்து பார்வை தெளிந்திருந்தது. "ஏளா, வெள்ளிக்கு வலத்த, கொஞ்சம் மேல, பொகை இழுத்தாப்ல ஒண்ணு நிக்கே, அது என்ன? ஏரோப்ளேனா?"

"சும்மா இருங்க. நானே ஒண்ணும் அகப்படாம நிக்கேன்."

"நான் சொல்லுதத கேளேன். அங்கன பாரு."

வேண்டாவெறுப்பாக அவர் விரல் போன திசைக்குக் கேமராவைத் திருப்பிப் பொத்தானை அமுக்கினாள். சில விநாடி கழித்துத் திரையில் படம் வந்தது. நீல அந்தியில் வெள்ளைப் புள்ளி ஒன்று. அதிலிருந்து மேல்நோக்கி, விசிறி மாதிரி ஒரு வால்.

ஞானபாய் பொன்னுதுரை பக்கம் திரும்பினாள். "ஏங்க... விழுந்துட்டுங்க!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். யார் விழுந்தது என்று அவர் பதறி எழுந்தார். திரையைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார். மேகம் மூடும்வரை அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டு, "பனி ஒத்துக்கலையோ?" என்று அவர் தன் துண்டை எடுத்து அவள் தலையில் போட்டார். பனியெல்லாம் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

பெரிதாகப் பிரின்ட் போட்ட அந்தப் படம் இப்போது பெயிண்ட் கடையில், கலர் கார்டுகளுக்கு நடுவே தொங்குகிறது. "அண்ணாச்சி, சுவத்துல வெள்ளை தெறிச்சிருக்கே" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. பொன்னுதுரை டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, தான் எப்படி முதலில் கண்டுபிடித்தோம் என்பதை ஆதியோடந்தமாகச் சொல்வார். அவசரக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

"படம் எடுத்தது யாருன்னாவது சொல்லுதீங்களா?" என்று ஞானபாய் ஒருநாள் கேட்டாள்.

"அமுக்குனது நீதாம்ளா. நான் இல்லங்கலியே" என்றார் பெருந்தன்மையாக.

மார்கழியில் வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தை எடுக்கப்போவதாக ஞானபாய் சொன்னபோது, பொன்னுதுரை மறுபேச்சில்லாமல் நாற்காலியை எடுத்துக் காரில் வைத்தார். "இன்னைக்குப் பௌர்ணமி. நிலா வெளிச்சத்துல ஒரு மண்ணும் தெரியாது, அடுத்த வாரந்தான்" என்றாள் அவள். அவர் நாற்காலியை இறக்கவில்லை. அது அடுத்த வாரம்வரை காரிலேயே கிடந்தது.