கூட்டக் குறிப்பில் ஒரு திருத்தம்

ஒரு விடுகதை. அவர் வந்ததும் வீட்டில் டிவி சத்தம் குறையும். தங்கை அக்காவின் பின்னால் போய் நிற்பாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். அவர் திருடனும் இல்லை, போலீஸும் இல்லை. யார் அவர்?

மனைவியை அடித்த ஆண்களை உட்காரவைத்துப் பேசவைப்பது என் வேலை. கூட்டம் நடத்தி நொந்தவர்களுக்கு இது புரியும்: ஆட்கள் வந்துவிடுவார்கள், உண்மை வருவதற்குத்தான் நாளாகும். தொண்ணூறுகளில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில், சனிக்கிழமைப் பிற்பகல்களில் கூடுவோம். முதல் நாள் இந்த விடுகதையைத்தான் போடுவேன். ஒரு முறை, எட்டுப் பேர் வந்திருந்த குழுவில், கிள்ளானில் லோரி ஓட்டும் சுப்பையா நெடுநேரம் யோசித்துவிட்டு, பேயா என்று கேட்டார். ரயில்வேயில் வேலை பார்த்த ராமையா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“பேய் இல்லலா. நாமதான்.”

வட்டம் கலைந்தது

நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னது வெளிநாட்டுக் கையேடு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் மனம் திறக்குமாம். இரண்டாம் வாரம் நான் கீழே போய்த் தேநீர் வாங்கி வருவதற்குள், எட்டுப் பேரும் நாற்காலிகளை வரிசையாக்கி, முன்னால் ஒரு மேசையும் போட்டிருந்தார்கள். தேர்தலும் முடிந்திருந்தது. ராமையா தலைவர், அச்சகத்தில் வேலை செய்யும் சேகர் செயலாளர். கோயில் கமிட்டி, மரண சகாய சங்கம் என்று பழகியவர்கள். வட்டமாக உட்கார்ந்தது அவர்களுக்கு விசாரணை மாதிரி இருந்ததாம். இது சங்கம் இல்லையே என்றேன். ராமையா என்மேல் இரக்கப்பட்டார்.

“தலைவர் இல்லாம எப்படி சார்? யார் பேச்ச யார் நிறுத்தறது?”

திருத்தம் உண்டா?

சங்கம் என்றால் கூட்டக் குறிப்பும் உண்டு. அதை நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொருவரும் சென்ற வாரம் சொன்னதை, அவர் சொன்ன சொல்லிலேயே சேகர் வாசிப்பார். திருத்தம் உண்டா என்று தலைவர் கேட்பார். இல்லையென்றால் சொன்னவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் தாளைக் கிழித்துவிடுவோம். அறையை விட்டு ஒரு வரியும் வெளியே போகாது.

சுப்பையாவின் மனைவி ராணி, ஒன்பது வயது மகள் மாலதியோடு பூச்சோங்கில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். மகள் மறுபடி தன்னிடம் வருவாளா என்பது ஒன்றே சுப்பையாவின் கவலை. அவர் சொல்லியிருந்தது இதுதான்: பேச்சு வளர்ந்தது, என் கை அவள்மேல் பட்டுவிட்டது. அடுத்த வாரம் அதைச் சேகர் வாசித்தார். சுப்பையா பேனாவை வாங்கினார், கையெழுத்துப் போடவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் முறை வாசித்தபோது எழுந்து நின்றார்.

“படல. அடிச்சேன். புள்ள பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்படியே எழுதுங்க.”

சாப் கேட்டவர்

அதோடு முடிந்தது என்று அவர் நினைத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஒரு கடிதம் கேட்டார்: இவர் மாறிவிட்டார் என்று எழுதி, அடியில் சாப் குத்தித் தர வேண்டும். ரப்பர் முத்திரை விழாத காகிதத்தை இந்த நாட்டில் யார் மதிக்கிறார்கள்? எங்களிடம் சாப் கிடையாது, மாறினாரா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் ராணிதான் என்றேன். ஆதரவு தேடி மற்றவர்கள் பக்கம் திரும்பினார். சேகர் பேனாவை மூடிவைத்தார்.

“ரெண்டு வருஷமா சிவப்பு விளக்குல போயிட்டு, ஒரு நாள் நின்னதுக்கு சர்ட்டிபிகேட்டா அண்ணே?”

தலைவர் ஒன்பது வயதுப் பிள்ளையானது

சில மாதங்கள் கழித்து ராணி எனக்குப் போன் செய்தார். சுப்பையா ஒரு ஞாயிற்றுக்கிழமை வரலாம், நானும் கூட வர வேண்டும். மாலதியை லோரியில் மோரிப் கடற்கரைக்குக் கூப்பிடலாம். போவதும் போகாததும் பிள்ளையின் விருப்பம். இரண்டாம் தடவை கேட்கக் கூடாது.

குழுவில் ஒத்திகை பார்த்தோம். பெரிய மீசையோடு ராமையா மாலதியாக உட்கார்ந்து, வரமாட்டேன் என்றார். சுப்பையா உடனே ஏன் என்று கேட்டார். அடுத்த தடவை, வந்தால் ஐஸ்கிரீம் உண்டு என்றார். அதற்கடுத்த தடவை, அம்மா சொல்லிக்கொடுத்தாளா என்று கேட்டுவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. ராமையா மாலதியாக இருப்பதை நிறுத்திவிட்டு நேராக உட்கார்ந்தார்.

“புள்ள வேணாங்குது. ‘சரிம்மா’ன்னு சொல்லு. அதுக்கு மேல உனக்கு அங்க வேலை இல்ல.”

பூச்சோங்கில்

ராணி கதவருகில் நின்றுகொண்டார். அவருடைய அக்கா எங்கள் இருவருக்கும் மைலோ கலந்து வைத்தார். சுப்பையா கடற்கரையைப் பற்றி ஒரே ஒரு முறை கேட்டார். மாலதி அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“நான் வரல.”

சுப்பையா குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“சரிம்மா.”

லோரியில் ஏறுவதில்லை என்றும், அப்பா மைலோ குடித்து முடிக்கும்வரை எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம் என்றும் மாலதி முடிவு செய்தாள்.