ஹோரினோ ஸ்டேஷனை மூன்று சுற்றுச் சுற்றினோம்

ஜப்பானில் ஒக்கயாமா என்ற ஊரில் காலை எட்டரை மணிக்கு ரயில் ஏறினோம். நான், என் வீட்டுக்காரி சரசு, அங்கே வேலை பார்க்கும் எங்கள் மகள் கவிதா. ஹோரினோ என்கிற மலையூருக்கு இரண்டு மணி நேரப் பயணம். டிக்கெட் தலைக்கு ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் யென். ரயில் கிளம்பவும் பெரியப்பா மகன் பழனிச்சாமி அண்ணன் போன் பண்ணினார். நம்மூரில் அப்போது விடிந்தும் விடியாத நேரம்.

"ஏப்பா, பங்காளிக எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி. வந்ததும் போட்டுக் குடுத்துரு."

விஷயம் இதுதான். தாராபுரம் தாண்டி அமராவதிக் கரையில் எங்கள் குலதெய்வம் கருப்பராயன் கோவில் இருக்கிறது. எல்லோரும் கோயமுத்தூர், திருப்பூர் என்று வந்துவிட்டோம். பொங்கல் வைக்கவே நாலு குடும்பம்தான் போகிறது. அதனால் அந்தக் கோவிலை எடுத்துவிட்டு, கோயமுத்தூரிலேயே கார் நிறுத்துகிற வசதியோடு கட்டிச் சாமியைக் கொண்டுவந்துவிடலாமாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் எட்டாவது படித்துவிட்டுப் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறவன், வக்கீலும் எஞ்சினீயருமான பங்காளிகளிடம் என்ன சொல்லி மறுப்பது?

பத்தரைக்கு ஹோரினோ. ஒற்றைப் பெட்டி ரயிலில் இருந்து இறங்கினது நாங்கள் மட்டும்தான். நம்மூர் ஹால்ட் மாதிரி வெறும் மேடைதான் ஸ்டேஷன் போலிருக்கிறது என்று நினைத்துத் தண்டவாளத்தைத் தாண்டினேன். எதிரே கருத்த மரத்தூண்கள், வளைந்து இறங்கும் கூரை, முகப்பில் செதுக்கு வேலை. கோவிலேதான்! செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வலம் வர ஆரம்பித்தேன். பின்னாலேயே சரசு. மூன்றாவது சுற்று முடிந்து சட்டைப்பையில் இருந்து சூடத்தை எடுக்கும்போது, போட்டோ எடுத்துக்கொண்டிருந்த கவிதா ஓடிவந்தாள்.

"ஐயோ அப்பா, அதுதானுங்க ஸ்டேஷனு! மரக் கட்டடம், பத்தவெச்சுப் போடாதீங்க!"

"ஏனுங்க, டிக்கெட் கவுண்டரையா இத்தனை நேரம் கும்புட்டோம்?" என்று சிரிக்க ஆரம்பித்த சரசு நிறுத்தவே இல்லை.

உள்ளே துடைப்பத்தோடு ஒரு அம்மா நின்றிருந்தார். பெயர் ஹருக்கோ. சரசு வயசுதான் இருக்கும். அவர் சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்து குனிந்து என் செருப்பை எடுத்து, நான் வந்து மாட்டிக்கொள்ளத் தோதாகத் திருப்பி வைத்தார். எனக்குக் கூசிப்போனது.

அவர் சொன்னதைக் கவிதா தமிழில் சொன்னாள். மலைமேல் இருக்கிற கோவிலுக்கு வருகிறவர்கள் இறங்குவதற்காக, ஊரார் மரம் கொடுத்துக் கோவில் மாதிரியே கட்டின ஸ்டேஷனாம். ஒரு காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர், கரி மூட்டை, கூட்டம் எல்லாம் உண்டு. அப்புறம் மலையைக் குடைந்து ரோடு வந்தது. பிள்ளைகள் டவுனுக்குப் போனார்கள். மாஸ்டரையும் எடுத்துவிட்டார்கள். ஏற ஆளில்லை, இடித்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது ஊரே கூடி முடியாது என்றிருக்கிறது. அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பெருக்குகிறார்கள். இந்த அம்மா புதன்கிழமைதோறும் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்புவாராம்.

"அங்க என்ன ஜோலியாம், கண்ணு?"

"ஒரு ஜோலியும் இல்லீங்களாம்ப்பா. ஏற ஆளில்லைன்னு சொன்னாங்கல்ல, அதுக்குத்தான் ஏறுறாங்களாம்."

"வீம்புல உங்களுக்கு அக்காளுங்க" என்றாள் சரசு.

அந்நேரம் எதிர்ப்பக்கம் போகிற ரயில் வந்தது. இறங்க ஒருவரும் இல்லை. ஏறவும் ஒருவரும் இல்லை. ஆனாலும் நின்றது. டிரைவர் கதவைத் திறந்தார். வெள்ளைக் கையுறை போட்ட கையை நீட்டி ஏதோ சத்தமாகச் சொன்னார். கதவைச் சாத்தி எடுத்துக்கொண்டு போனார். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாருமே வராத நாளிலும் எங்கள் பூசாரி மணியடித்துத்தானே சூடம் காட்டுகிறார்! சாமி என்ன, கூட்டத்தை எண்ணிப் பார்த்தா உட்கார்ந்திருக்கிறது?

அங்கிருந்தே போன் போட்டேன்.

"அண்ணா, நான் கையெழுத்துப் போடறதா இல்லீங்க."

"ஏப்பா, அங்க யாரு வாரா?"

"நான் வாரனுங்க. வெள்ளிக்கிழமையானா வாரனுங்க."

"பங்காளிகளைப் பகைச்சுக்குவியா?"

"அவங்க பகைச்சா பகைச்சுக்கட்டுமுங்க. கருப்பராயனை என்னால பகைச்சுக்க முடியாதுங்க."

அண்ணன் போனை வைத்துவிட்டார். இன்னும் பேசவில்லை.

ஊர் திரும்பின முதல் வெள்ளிக்கிழமை, ஹோரினோவில் ஏற்றாமல் விட்ட சூடத்தை எடுத்துக்கொண்டு நானும் சரசும் கிளம்பினோம். பல்லடம் வழியாகத் தாராபுரம், அங்கிருந்து டவுன் பஸ். கோவில் ஸ்டாப் என்றதும் கண்டக்டர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"அங்க ஒருத்தரும் இல்லீங்களே. நிறுத்தோணுங்களா?"

"சாமி இருக்குதுங்க. நிறுத்துங்க."

பஸ் நின்றது.