கடைசி ஆள் திறக்கிற குழாய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. வண்டியைத் துடைத்தாயிற்று, செயினுக்கு எண்ணெய் விட்டாயிற்று, நனைந்த ஷூ கூடக் காய்ந்துவிட்டது. நான்தான் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில், வேலை நாவலூரில் ஒரு ஐடி ஆபீஸில். என்னிடம் ஒரு பழைய ரேஸ் சைக்கிள் இருக்கிறது. இரும்புச் சட்டம், வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனுக்கு டயர். கியர் மாற்ற வேண்டுமானால் ஒரு கையை எடுத்து, கீழே சட்டத்தில் இருக்கிற குட்டி லீவரைத் தள்ள வேண்டும். எவ்வளவு தள்ளுவது என்று கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். மேடவாக்கத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் வாங்கினேன். வாரத்தில் இரண்டு நாள் அதில்தான் ஆபீஸ், மழையானாலும் வெயிலானாலும். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணா இன்றுவரை, "ஸ்கூட்டி ரிப்பேரா மேடம்?" என்றுதான் கேட்கிறார். ஆறு வருஷமாக என் ஸ்கூட்டி ரிப்பேர். என்னிடம் ஸ்கூட்டியே கிடையாது.

வெயில் ஒரு கஷ்டம் என்றால் மழை வேறு ரகம். என் வண்டியின் ரிம் குரோம் பூசிய இரும்பு. நனைந்தால் பிரேக் பிடிக்காது. சத்தியமாகப் பிடிக்காது. நிற்க வேண்டிய இடத்துக்கு முப்பது அடி முன்னாலேயே பிரேக்கை லேசாக உரசவிட்டு, ரிம்மில் இருக்கிற தண்ணீரைத் துடைத்து, அப்புறம்தான் அழுத்த வேண்டும். முன்னால் போகிற ஷேர் ஆட்டோவுக்கு இதெல்லாம் தெரியுமா, அது நினைத்த இடத்தில் நிற்கும். சீட்டோ தோல் சீட்டு, நனைந்தால் தொங்கிப்போகும். ஜவுளிக்கடைப் பை ஒன்றை மாட்டி அதன்மேல் உட்காருவேன், உட்கார்ந்தால் வழுக்கும். மேடவாக்கம் தாண்டித் தோண்டிப் போட்டிருக்கிற பள்ளமெல்லாம் மழை வந்தால் ரோட்டோடு ரோடாகிவிடும். முன்னால் போகிற பைக் இறங்கினால்தான் அங்கே குழி இருப்பது தெரியும். இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால், "அப்புறம் ஏன் மேடம் ஓட்றீங்க?" என்று கேட்கிறார்கள். பிடித்திருக்கிறது, ஓட்டுகிறேன். இதற்கு என்ன விளக்கம் வேண்டிக்கிடக்கிறது.

என்னைப் போன்ற கிறுக்குகள் முப்பது பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு ரேஸ், பழைய வண்டிகளுக்கு மட்டும். வண்டலூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கிளம்பி, ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே சிங்கப்பெருமாள் கோவில் வரை போய், திரும்பி அதே வாசலுக்கு வர வேண்டும். அதையும் ஐப்பசியில்தான் வைப்பார்கள். மழை வரும் என்று தெரிந்தே வைப்பது. "மழைக்குப் பயந்தா புது வண்டி வாங்கிக்க வேண்டியதுதானே" என்பார் எங்கள் செயலாளர். பேங்க் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் அடிக்கோடு போட்டுத்தான் எழுதுவார்.

முடிகிற இடத்தில் குழாய் வைத்த பெரிய டீ கேன் ஒன்று இருக்கும். ஏலக்காய் டீ. கடைசி ஆள் சைக்கிளில் வந்து சேரும்வரை அந்தக் குழாயை யாரும் தொடக் கூடாது. முதலில் வந்தவர் ஒரு மணி நேரம் நடுங்கிக்கொண்டு நின்றாலும் சரி. கடைசியாக வருகிறவர்தான் குழாயைத் திறந்து, முதல் கப்பைப் பிடித்து, ஜெயித்தவர் கையில் கொடுக்க வேண்டும். அப்போது எல்லோரும் கை தட்டுவார்கள். யார் ஆரம்பித்து வைத்தார்களோ, எங்கள் குழுவில் ஜெயித்தவரைவிடக் குழாய் திறந்தவரைப் பற்றித்தான் நான்கு நாள் பேச்சு இருக்கும். ஆனால் வழியில் வண்டி படுத்து ஆட்டோவில் ஏறி வந்தவர் குழாயைத் தொட முடியாது. அவருக்கு முன்னால் சைக்கிளில் வந்தவர் திறப்பார்.

நான் ஜெயிக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். அந்த ஆசையும் கிடையாது. கடைசியாகத்தான் வருவேன். கடைசியாக வந்தாலும் என் சக்கரத்தில் வந்து, அந்தக் குழாயை என் கையால் திறக்க வேண்டும். இதைத்தான் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் வருஷம் ஊரப்பாக்கம் தாண்டுவதற்குள் இடது பெடல் கழன்று ரோட்டில் உருண்டது. இடது பெடலுக்கு மரை எதிர்த் திசையில் இருக்கும். முந்தின நாள் சைக்கிள் கடையில் தங்கள் பலத்தையெல்லாம் காட்டி நேர்த் திசையில் முறுக்கி, மரையையே தேய்த்துவிட்டிருந்தார்கள். ஆட்டோவில் வந்தேன். இரண்டாம் வருஷம் பொத்தேரியில் பஞ்சர். கையில் மாற்று டியூப் இருந்தது, பம்ப்பை வீட்டில் விட்டுவிட்டேன். பஞ்சர் கடைக்காரர் என் டியூபின் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா மேடம் இது, ஊசி மாரி கீது? இதுக்கு நம்மகிட்ட பம்ப் இல்ல" என்று கையை விரித்துவிட்டார். மறுபடி ஆட்டோ. அன்றைக்கு வைத்த பெயர்தான் 'ஆட்டோ மேடம்'. என் பிறந்தநாளுக்கு வாட்ஸப்பில் மாலை போட்ட ஆட்டோ படம் அனுப்பினார்கள். நானும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலுக்குப் போட்டேன். வயிறு எரிந்தது எனக்கல்லவா தெரியும்.

என் கணவர் நல்ல மனுஷன். அதுதான் தொல்லையே. திட்ட மாட்டார், தடுக்க மாட்டார். இரண்டு வருஷமும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் நான் முதலில் போன் செய்தது அவருக்குத்தான். "சரி விடு, ஹீட்டர் போட்டு வைக்கறேன், வா" என்றார், இரண்டு வருஷமும் அதே வார்த்தை. ரேஸுக்குப் பெயர் கொடுக்கிற படிவத்தில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டிருந்த இடத்தில் அவர் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

இந்த வருஷம் விடுவதில்லை என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். இரண்டு டியூப், சட்டத்தில் மாட்டுகிற குட்டி பம்ப், பெடல் ஸ்பேனர் எல்லாம் வாங்கினேன். ஒரு மாதம், தினம் சாயங்காலம் ஹாலில் பேப்பர் விரித்து, டயரைக் கழற்றி மாட்டிப் பழகினேன். கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு நிமிஷத்தில் முடிப்பேன் என்ற அளவுக்கு வந்துவிட்டது. சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கணவர் ஒரு நாள் ரொம்ப அக்கறையாக, "எதுக்கு இவ்ளோ கஷ்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டோக்காரர் நம்பரை முன்னாடியே வாங்கி வச்சுக்கோயேன்" என்றார். டயர் லீவரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் நிஜமாகவே உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் காலை ஐந்தரைக்கே பிடித்துக்கொண்டது மழை. கொடி அசைத்த ஐந்தாவது நிமிஷம் முன்னால் போனவர்களின் சிவப்பு விளக்கு ஒன்றும் கண்ணில் இல்லை. நான், மழை, லாரி. லாரி ஒவ்வொன்றும் போகும்போது ஒரு வாளிச் சேற்றுத் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டுப் போனது. கூடுவாஞ்சேரியில் ஒரு ஆம்னி பஸ் திடீரென்று ஓரம் கட்டியது. பிரேக்கை உரசினேன், அழுத்தினேன், கடைசியில் காலையே ரோட்டில் தேய்த்து நிறுத்தினேன். அதற்கும் அந்த பஸ் கிளீனர் என்னைத்தான் முறைத்தார். ஆனாலும் வண்டி ஓடியது. பெடல் பெடலாக இருந்தது, செயின் செயினாக இருந்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்புகிற முனையில் எங்கள் குழுப் பையன் ஒருவர் குடையோடு நின்று என் எண்ணைக் குறித்துக்கொண்டார். "நீங்கதான் லாஸ்ட் மேடம், நான் வண்டியில முன்னாடி போயிடறேன்" என்று கிளம்பிப் போனார். பாதி முடிந்தது. பாதி வரைக்கும் நான் வந்ததே அதுதான் முதல் தடவை.

மறைமலை நகர் தாண்டும்போது பின் சக்கரம் உஸ்ஸென்றது.

கண்ணாடித் துண்டு. சரி, பன்னிரண்டு நிமிஷம்தானே என்று பூட்டியிருந்த ஒரு கடையின் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்தேன். ஹாலில் உட்கார்ந்து பழகினவளுக்கு மழை எங்கே தெரிந்தது. விரல் மரத்துப்போய் லீவர் வழுக்கிக்கொண்டே இருந்தது. முதல் டியூபை மாட்டி, காற்றடித்து, நிமிர்ந்தால் மறுபடி உஸ். அவசரத்தில் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே டியூபைக் கடிக்க வைத்திருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வண்டியைத் திட்டினேன்.

அந்த நேரம் பார்த்து போன். செயலாளர் சார். பச்சை வட்டத்தை ஈர விரலால் தள்ளினேன், நகரவில்லை. சட்டையில் துடைத்தேன், சட்டை அதைவிட ஈரம். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. அப்புறம் என் கணவர். அவர் போனையும் எடுக்க முடியவில்லை, நானாகக் கூப்பிடலாம் என்றாலும் திரையில் எதுவும் நகரவில்லை. சரி, பரவாயில்லை, காத்திருப்பார்கள், அதுதானே வழக்கம் என்று போனைப் பைக்குள் போட்டேன்.

ஒரு லோடு ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. "இன்னா மேடம், மழைல குந்திகினு கீறீங்க? ஏத்துங்க வண்டிய, நான் தாம்பரம்தான் போறேன்."

"வேணாம் அண்ணா. முடிஞ்சிடுச்சு."

"எங்க முடிஞ்சுது, டயர் தனியா கீது, வீலு தனியா கீது. பேஜார் பண்ணாத ஏறு மேடம், துட்டு கூட வாணாம்."

"அண்ணா, தயவுசெஞ்சு போயிடுங்க" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவர், "இன்னாவோ போ" என்று கிளம்பினார். காலியாக இருந்த அந்த லோடு ஆட்டோவின் பின்பக்கத்தைக் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது.

இரண்டாவது டியூபை மெதுவாக, சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்து மாட்டினேன். மொத்தம் ஐம்பது நிமிஷம். அப்புறம் ஓட்டினேன் பாருங்கள், அப்படி நான் ஆபீஸுக்கு லேட்டான நாளில் கூட ஓட்டியதில்லை. இருபத்தொன்பது பேர் நனைந்துகொண்டு டீயைத் தொடாமல் நிற்கிறார்களே, என்னால்தானே என்று தொடை நடுங்க நடுங்க மிதித்தேன். பொத்தேரியில் அந்தப் பஞ்சர் கடை கடந்து போனது. ஊரப்பாக்கத்தில் பெடல் உருண்ட இடம் கடந்து போனது. குழாயை எந்தக் கையால் திறப்பது என்றுகூட யோசித்துக்கொண்டு வந்தேன்.

மண்டபத்து வாசலில் சுண்ணாம்புக் கோடு கரைந்துபோயிருந்தது. அது இருந்த இடத்தைத் தாண்டி நிறுத்தினேன். நாலே பேர் இருந்தார்கள். தரையெல்லாம் பேப்பர் கப். டீ கேனின் மூடி திறந்து பக்கத்தில் கிடந்தது.

செயலாளர் சார் என்னைப் பார்த்து, அப்புறம் என் சைக்கிளைப் பார்த்தார். "மேடம், நீங்க ஆட்டோல..." என்று இழுத்தார்.

"ஆட்டோ எங்க சார் இருக்கு?"

"அரை மணி நேரத்துக்கு மேல பார்த்தோம் மேடம். போன் எடுக்கல, பயந்துட்டோம். படிவத்துல இருந்த நம்பருக்குப் போட்டேன். உங்க வீட்டு சார்தான் எடுத்தார். 'கவலைப்படாதீங்க, அவ ஆட்டோ பிடிச்சிருப்பா, நீங்கள்லாம் டீ குடிங்க'ன்னு சொல்லிட்டார்."

யார் திறந்தது என்று கேட்டேன். எனக்கு முன்னால் வந்த குரோம்பேட்டைக்காரர் திறந்தாராம். கை தட்டினார்களாம். போட்டோ வாட்ஸப்பில் போயாகிவிட்டதாம். செயலாளர் சார் கையில் இருந்த பட்டியலைப் பார்த்தேன். என் எண்ணுக்கு நேரே 'ஆட்டோ' என்று எழுதி, வழக்கம்போல் அடிக்கோடும் போட்டிருந்தார். "சார், அதை அடிங்க" என்றேன். அடித்தார். ஈரத் தாளில் பேனா எழுதவில்லை, இன்னும் அழுத்தினார், தாள் கிழிந்தது. "வீட்டுக்குப் போய் மாத்திடறேன் மேடம், கண்டிப்பா" என்றார். இந்தக் கண்டிப்பாவையெல்லாம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேனைச் சாய்த்துப் பிடித்துக் குழாயைத் திறந்தேன். அரைக் கப் வந்தது, ஆறிப்போய், அடியில் தூளோடு. ஜெயித்தவர் எப்போதோ கிளம்பிப் போய்விட்டார். யாருக்காவது கொடுக்க வேண்டுமே என்று செயலாளர் சாரிடம் நீட்டினேன். மரியாதைக்கு வாங்கிக்கொண்டார். குடித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

அங்கிருந்து வீட்டுக்குப் பத்து கிலோமீட்டர். அதையும் மிதித்தேன். பெருங்களத்தூரில், தாம்பரம் பாலத்தின் மேல், கேம்ப் ரோடு சிக்னலில் என்று வழியெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டே வந்தேன். உங்களை யார் கேட்டது என்று ஆரம்பிக்க வேண்டும். என்னை ஒரு தடவை நம்பியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்க வேண்டும். அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. இரண்டு வருஷம் ஆட்டோவிலிருந்து போன் போட்டவள் நான்தானே.

காலிங் பெல் அடிப்பதற்கு முன்பே கதவு திறந்தது. வாசலில் கோணி விரித்து வைத்திருந்தார். தோளில் எனக்கான துண்டு. உள்ளே வெந்நீர் ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சைக்கிளை என் கையிலிருந்து பதமாக வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, துண்டை என் தலையில் போட்டார்.

"பாவம், முழுக்க நனைஞ்சுட்டியே" என்றார். "ஆட்டோவுக்கு எவ்ளோ கேட்டான்?"