ஜும்ஆவுக்குப் போய் வருவதற்குள் மாறிய எண்கள்

ஜின்கள் இருப்பதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் எங்கள் ஊர் கலகெதரையில் அவை யாருடைய வேலையிலாவது தலையிடும் என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போகிற ஆள் நான். இப்போது நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள், பரவாயில்லை.

அண்ணனான என்னை 'நானா' என்று கூப்பிடும் என் தங்கை ரிஸ்னாவின் ஆய்வேட்டை என் போட்டோகொப்பிக் கடையில் நான்தான் தட்டச்சு செய்தேன். பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், 'சமன்பாடு 12ஐப் பார்க்க' என்று வரும் இடமெல்லாம் அதே எண். இவற்றைத் தானாக இணைக்கக் கணினியில் வசதி இருக்கிறதாம். எனக்கு அது தெரியாது, எதற்கு அந்த வம்பு என்று எல்லாவற்றையும் கையாலேயே அடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை விரிவுரையாளர் அழைத்து, தொடக்கத்திலேயே ஒரு சமன்பாட்டைப் புதிதாகச் சேர்க்கச் சொன்னார். சேர்த்ததும் பின்னால் இருந்த எண்கள் அத்தனையும் பிழையாகிவிட்டன. அன்று மாலைக்குள் ஒப்படைக்காவிட்டால் பட்டம் அடுத்த வருடம்தான்.

அதற்குள் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கும் சொல்லிவிட்டார்கள். கடையைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். ரிஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு தொழ வீட்டுக்குப் போனாள்.

திரும்பி வந்து இருவரும் சேர்ந்துதான் கதவைத் திறந்தோம். நம்பினால் நம்புங்கள், எல்லா எண்ணும் மாறியிருந்தது, பன்னிரண்டு இருந்த இடத்தில் பதின்மூன்று, அதை அழுத்தினால் உரிய சமன்பாட்டுக்கே தாவியது.

"நானா, எல்லாம் சரியா ஈக்கிது! தெரியாதுண்டு சும்மாதானே சொன்னீங்க?"

"அல்லாவே, நான் பள்ளியிலதானே இருந்தன்!"

சந்தோஷத்தில் அவள் கடைக்குள்ளேயே துள்ளிக் குதித்தாள். கடைசி எண் மட்டும்தான் அடம்பிடித்தது. அழுத்தினால் நன்றியுரைப் பக்கத்துக்குப் போய், என் பெயருக்குக் கீழே ஒரு வெற்று வரியில் நின்றது. அப்படியொரு வரியை நான் விட்டதேயில்லை.

ரிஸ்னா விழுந்து விழுந்து சிரித்தாள். "பாவம், நானா, எண்ணெல்லாம் திருத்தின அவருக்கும் நன்றி சொல்லோணுமாம்!"

பெயர் தெரியாமல் உதவியவருக்கும் நன்றி என்று அந்த வரியில் அடித்தாள். மறுபடி எண்ணை அழுத்தினோம். நேரே சமன்பாட்டுக்குப் போனது.

அன்று மாலையே ஒப்படைத்தோம், பட்டமும் கிடைத்தது, தித்திப்பாக வட்டிலப்பம் செய்து தெரு முழுக்கக் கொடுத்தோம். அந்தக் கோப்பை இப்போதும் சில நேரம் திறந்து பார்க்கிறேன், கடைசி எண் ஒழுங்காகத்தான் தாவுகிறது. நன்றி எழுதியதைத் தவிர அந்த எண்ணில் நாங்கள் கை வைக்கவேயில்லை என்பதை நினைத்தால்தான் உடம்பு புல்லரிக்கிறது.