இரு கைகளாலும் தந்த அட்டை

விருதுநகரில் எங்கள் கல்லூரியின் கொரியப் பண்பாட்டுக் கழகத்துக்கு நான் பொறுப்பாசிரியர். பெரியவர்களுக்கு எதையும் இரு கைகளாலும் கொடுப்பது கொரியர் வழக்கம். முதல் வகுப்பில் நான் கற்றுக்கொடுத்தது அதுதான்.

ஆண்டு விழாவுக்கு சியோலிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். அவரைக் கொரிய மொழியில் வரவேற்றுத் தேநீர் தர வேண்டியவள் செல்வி. விடுமுறை நாட்களில் விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற மாணவி. மேடையேறும் முன் அவள் கைகளைப் பார்த்தேன். சாம்பல் பூத்திருந்தன.

“கழுவலையாம்மா?”

“மூணு நாளாத் தேய்க்கேன் சார். வெடிமருந்து போக மாட்டேங்கு.”

“அப்ப ஜெனிபர் கொடுக்கட்டும். நீ திரைக்குப் பின்னால நின்னு அவளுக்கு வரிகளை எடுத்துக்கொடு.”

“அம்மா முன்வரிசையில இருக்காக சார்.”

“உன் குரல் கேக்கும்ல?”

கழகத்தின் இன்னொரு மாணவியான ஜெனிபர், மேடையில் வரவேற்பைப் பாதியில் மறந்துபோய் வாயை மட்டும் அசைத்தாள். கேட்டது செல்வியின் குரல். விருந்தினர் உச்சரிப்பைப் பாராட்டியபோது நான் ஜெனிபரைக் கைகாட்டினேன்.

விழா முடிந்ததும் செல்வி தன் உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தந்தாள். தலை குனிந்து, இரு கைகளாலும் நீட்டினாள். ஃபோனில் பேசிக்கொண்டிருந்த நான் அதை ஒரு கையால் வாங்கிக்கொண்டேன்.

ஆண்டறிக்கையில் அந்த வருடத்தின் எல்லா நிகழ்ச்சிகளையும் எழுதினேன். இதை இப்போதுதான் எழுதுகிறேன்.