கங்கம்மாள் ஏறிய மலை

குன்றத்தூர் மலையடிவாரத்தில் இசைவாணி ஸ்டூடியோ வைத்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்கு மனுப் போடுகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துத் தருவதுதான் பிழைப்பு. பக்கத்துக் கடை, தையல்காரி கங்கம்மாளுடையது. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் விளங்காமல் போனவள்; கையால் சுற்றும் மெஷினில் ரவிக்கை தைப்பாள். நாற்பது வருஷமாக அந்த மலைக்குக் கீழேயே இருந்தும் ஒரு தடவைகூட மேலே போனதில்லை. தூக்கிக்கொண்டு போகிறோம் என்றவர்களிடம், மூட்டை மாதிரிப் போக இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டாள்.

1991 ஐப்பசியில் இசைவாணி ஒரு பழைய பத்திரிகையில் படித்தாள். ஒரே காட்சியைக் கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு படமாக எடுத்து, ஒன்றைச் சிவப்பிலும் மற்றதை நீலத்திலும் ஒன்றின்மேல் ஒன்றாக அச்சடித்து, ஒரு கண்ணுக்குச் சிவப்புத் தாள், மறு கண்ணுக்கு நீலத் தாள் வைத்துப் பார்த்தால் படம் நிஜம்போல் எழுந்து நிற்குமாம்.

மலைப் படிக்கட்டை அப்படி எடுத்தாள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ரத்தினம், மை கலங்கிப்போனால் பிரஸ்ஸின் பேர் கெடும் என்று முதலில் தயங்கினார். அவள் விடவில்லை. ஏழாவது தாளில்தான் இரண்டு நிறமும் ஒழுங்காக உட்கார்ந்தன.

அட்டையை மூக்குக்கண்ணாடி மாதிரி வெட்டிக் கலர்த் தாள் ஒட்டி, படத்தோடு முதல் ஆளாகக் கங்கம்மாளிடம் கொடுத்தாள்.

"இன்னாடி இசை, மலைன்னு சொன்ன. கெணறு மாதிரி உள்ள போவுது?"

இசைவாணி வாங்கிப் பார்த்தாள். படிகள் தாளுக்குள் குழிந்து கிடந்தன. பத்து நாள் உழைப்பு. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கங்கம்மாளோ, உள்பக்கம் வெளியே வந்த துணியைத் திருப்புவது மாதிரி, அட்டையை முன்பின்னாகத் திருப்பிக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

அவள் கை மெல்ல நீண்டு காற்றில் ஒரு படியைத் தடவியது. பிறகு அதற்கு மேல் படியை.

"ஏறிக்கினே போவுதுடி," என்றாள்.

அட்டையில் சிவப்புத் தாளும் நீலத் தாளும் கண் மாறி ஒட்டியிருந்தன, அவ்வளவுதான். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மேலிருந்து பார்த்தால் என்ன தெரியும், அதையும் எடுத்து வா என்று கங்கம்மாள் அன்றைக்கே கேட்டாள். தூரத்துக் காட்சிக்கு அடுத்த படத்துக்கு இரண்டு காலடியாவது நகர்ந்து நிற்க வேண்டும் என்பது இரண்டாம் முறை ஏறியபோதுதான் இசைவாணிக்குப் பிடிபட்டது. அடுத்த வாரம் படம் வந்தது. தென்னைகளுக்கும் ஓடுகளுக்கும் நடுவே, அடியில், தன் கடையின் தகரக் கூரையைக் கங்கம்மாள் கண்டுபிடித்தாள்.

"யக்கா, தெரியுதா?"

"இரு, பேசாத. இம்மாம் ஒசரத்துல நிக்கறேன், தல சுத்துது," என்றவள், ஒரு கையால் மெஷினை இறுகப் பிடித்துக்கொண்டாள்.